நூல் இல்லாத ஆணி

போன வாரம் ஒரு நாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத நம்பர். பேசியது ஒரு சின்னப் பெண்.

"மேடம், நான் பிளானிங் செக்‌ஷன்லருந்து நிவேதா பேசறேன். புதுசா சேந்திருக்கேன். ஒரு டவுட்டு மேடம். எங்க சிஸ்டம்ல உங்க பேரு வருது. வேலை எதுவும் இல்லன்னு மேலேயே சிவப்புல நிக்குது. அதைக் கேட்டு டிக் பண்ணாத்தான் அடுத்த பக்கமே ஓப்பன் ஆகுது. நீங்க ரிடையர் ஆயிட்டீங்களாமே. டிலீட் பண்ணிடலாமா?"

டிலீட் பண்ணலாமா என்று கேட்கிறாள், என்னிடமே! பாலை மறந்துவிட்டேன். அது பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது. சாயந்திரம் நானே கூப்பிடுகிறேன், அதுவரைக்கும் அதில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டு, துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தேன்.

அவள் மேல் தப்பில்லை. வேலையை விட்டு வருஷங்கள் ஆன ஒருத்தியின் பேர் பட்டியலில் நின்றால் யாருக்கும் அது குப்பையாகத்தான் தெரியும். தினமும் காலையில் ஃபேக்டரியிலிருந்து யாராவது கூப்பிட்டு, "மேடம், எங்க இருக்கீங்க?" என்பார்கள். "வீட்ல" என்பேன். "சரி மேடம்" என்று வைத்துவிடுவார்கள். பேச்சு அவ்வளவுதான். இதை வெளியே சொன்னால் என்னையும் அவர்களையும் சேர்த்துச் சிரிப்பார்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று சாயந்திரம் நிவேதாவுக்குப் போனில் சொன்னேன். நடுவில் சிக்னல் போய்ப் போய் வந்ததால் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிந்தது. அதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

நான் மாரிகுப்பத்தில் பிறந்தவள். அப்பாவுக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்கடியில் இறங்கும்போது பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போவார், மேலே வந்ததும் திருப்பி மாட்டுவார். மாட்டவில்லை என்றால் ஆள் இன்னும் கீழே என்று அர்த்தம். நான் படித்தது பி.எஸ்ஸி. கணக்கு. தினமும் பங்காருபேட்டை ரயிலில் போய் வந்து படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டத்தில் நின்றேன், பரீட்சை எழுதினேன், பாஸ் ஆனேன். கடைசி வருஷத்தில் கிராஃப் தியரி என்று ஒரு பாடம் இருந்தது. புள்ளிகளை வைத்துக் கோடு போடுவது. இது எதற்கு ஆகும் என்று என் சிநேகிதிகள் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. ஆனால் அதில்தான் மார்க் வந்தது.

பிறகு எங்கள் ஊர் ஃபேக்டரி ஒன்றில், பெரிய பெரிய இரும்பு டாங்குகளும் இயந்திரங்களும் செய்கிற இடத்தில், பிளானிங் செக்‌ஷனில் வேலை கிடைத்தது. முதல் நாள் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பச்சை பெயின்ட் அடித்த பெரிய பலகை. இடது பக்கம் வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஆளின் பேர். வலது பக்கமும் ஆணிகள், அவற்றுக்குப் பக்கத்தில் வேலைகளின் பேர். இந்த ஆளுக்கு இன்று இந்த வேலை என்றால் இரண்டு ஆணிக்கும் நடுவே ஒரு சிவப்பு நூல். காலேஜில் நான் படித்த பைபார்டைட் கிராஃப் அப்படியே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. தமிழ்ப் புத்தகத்தில் இருகூறு வரைபடம் என்று போட்டிருக்கும். புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கும். ஒரு கூட்டத்திலிருந்து மற்றக் கூட்டத்துக்குத்தான் கோடு போகலாம். தன் கூட்டத்துக்குள்ளேயே கோடு கிடையாது. ஆளுக்கும் வேலைக்கும் நூல் உண்டு, ஆளுக்கும் ஆளுக்கும் நூல் இல்லை.

என் மேலதிகாரி வேதகிரி சார். திருச்சிப் பக்கத்திலிருந்து இந்த வேலைக்காகவே வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர். நாங்கள் "இன்னா" என்றால் அவர் "என்ன" என்று திருத்தமாகத் திருப்பிச் சொல்வார். அதற்காகவே நான் அடிக்கடி "இன்னா சார்" என்பேன். யாரையும் நீ, வா, போ என்று பேச மாட்டார். பெருக்க வரும் பெண்ணைக்கூட "சொல்லுங்கம்மா" என்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைக்கிற மாதிரி பேன்ட்டில் துடைப்பார். கண்ணாடி சுத்தமாவதற்குள் எதிரில் இருப்பவருக்கு வேர்த்துவிடும்.

காலையில் அவர் பலகை பார்க்கும் முறையை அப்படியே சொல்கிறேன். நூல் எல்லாம் கட்டி முடித்ததும் நான் தள்ளி நின்றுவிட வேண்டும். அவர் வாசற்படிவரை பின்னால் போய் முதலில் முழுப் பலகையையும் பார்ப்பார். பிறகு கிட்டே வந்து, நூலைத் தொடாமல், இடது பக்க ஆணிகளை மட்டும் மேலிருந்து கீழே பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருவார். நூல் இருக்கும் ஆணியில் டக்கென்று ஒரு தட்டு, அடுத்தது. நூல் இல்லாத ஆணி வந்தால் பென்சில் அங்கேயே நின்றுவிடும். "இவர் எங்கே இருக்கார்?" என்பார். லீவு என்றோ ஆஸ்பத்திரி என்றோ நான் சொல்ல வேண்டும். தெரியாது என்றால் கேட்டுவிட்டு வர வேண்டும். அதுவரை பென்சில் அந்த ஆணியை விட்டு நகராது. டீ ஆறிப்போகும், நகராது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் நூல்களைப் பார்ப்பார்.

எனக்குப் பொறுமை குறைச்சல். சேர்ந்த புதிதில் ஒரு நாள் கேட்டேவிட்டேன். வேலை இருக்கிறவர்களைப் பார்ப்பதற்கே நேரம் போதவில்லை, வேலை இல்லாத ஆளை ஏன் சார் முதலில் தேடுகிறீர்கள் என்று. அவர் பதிலுக்கு என்னைக் கேள்வி கேட்டார். நீங்கள் படித்த கிராஃப் என்றால் என்ன என்றார். புள்ளிகளின் கூட்டம் ஒன்று, கோடுகளின் கூட்டம் ஒன்று, இரண்டும் சேர்ந்தது கிராஃப் என்று ஒப்பித்தேன். கோடுகளை மட்டும் எழுதிக் கொடுத்தால் புள்ளிகள் எல்லாம் தெரிந்துவிடுமா என்று கேட்டார். யோசித்தேன். கோட்டின் இரண்டு நுனியிலும் இருக்கும் புள்ளிகள் தெரியும். எந்தக் கோடும் தொடாத புள்ளி, தனித்த முனை என்பார்களே, அது தெரியாது. அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

"அதுக்குத்தாம்மா ஆணி முதல்ல, நூல் அப்புறம்" என்றார்.

இன்னொரு நாளும் மறக்காது. தனபால் என்று எங்கள் வெல்டிங் ஷாப் ஃபோர்மேன். நல்ல மனுஷன், ஆனால் வாயைத் திறந்தால் ஷாப்பே அதிரும். வந்து நின்றுகொண்டு, மூன்று வேலையும் இன்றே ஓட வேண்டும், பிளானிங்காரர்கள் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறீர்கள் என்று கத்தினான். வேதகிரி சார் கண்ணாடியைத் துடைத்தார். நின்றபடி பேசினால் எனக்குக் காது கேட்காது, உட்காருங்கள் என்றார். தனபால் உட்கார்ந்ததும் பலகையைக் காட்டினார். அந்த மூன்று வேலைக்கும் சர்டிஃபிகேட் உள்ள வெல்டர்கள் யார் யார் என்று எடுத்தால் மொத்தமே இரண்டு பேர்தான். நூலை எப்படிச் சுற்றிக் கட்டினாலும் மூன்றாவது வேலைக்கு ஆள் வராது. தனபால் பலகையை முறைத்துப் பார்த்தான். "ஆமா இல்ல" என்று எழுந்து போனான். அன்றிலிருந்து அவர் முன்னால் உட்கார்ந்துதான் பேசுவான்.

வேதகிரி சார் ரிடையர் ஆகித் திருச்சிக்கே போய்விட்டார். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ரமேஷ் என்று ஒரு கன்னடத்துப் பையன், எஞ்சினியர், எங்களுக்காகவே உட்கார்ந்து புரோகிராம் எழுதினான். கெட்டிக்காரன், தலைக்கனம் கிடையாது. எங்களோடு உட்கார்ந்து தமிழ் பேசியே கற்றுக்கொண்டான். ஆளையும் வேலையையும் ஜோடி ஜோடியாக உள்ளே போட்டால் யார் எங்கே என்று பேப்பரில் அடித்துக் கொடுத்துவிடும். கேட்டில் ஆள் வெளியே போனால் அதுவும் தானாகப் பதிவாகும். எனக்கும் சந்தோஷம்தான், நூல் கட்டிக் கட்டி விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. பலகையை ஸ்டோருக்கு அனுப்பச் சொன்னார்கள். ஸ்டோர்காரர் இடமில்லை என்றார். சுவரில் அந்த இடம் ஈரம் ஊறி அசிங்கமாக இருந்ததால் பலகை மறைத்துக்கொண்டாவது இருக்கட்டும் என்று விட்டார்கள். சும்மா தொங்குவதைப் பார்க்க எனக்குக் கை அரித்தது. காலையில் டீ குடிக்கும் நேரத்தில் நூலையும் கட்டிவிடுவேன். கஸ்தூரி மேடத்துக்குப் பூ கட்டுகிற ஞாபகம் என்று கிண்டல் செய்தார்கள். செய்துகொள்ளட்டும் என்று விட்டேன்.

இனி அந்த நாள்.

பெரிய டாங்க் ஒன்று முடிந்திருந்தது. உள்ளே குறுக்கே தடுப்புத் தகடுகள் வைத்து அறை அறையாகப் பிரித்திருக்கும். ஒரு அறையிலிருந்து அடுத்ததற்கு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஓட்டை. மேலே மனிதன் இறங்குகிற வாய் ஒன்றே ஒன்று. வேலை முடிந்ததும் அந்த வாயை மூடி, துரு பிடிக்காமல் இருக்க உள்ளே நைட்ரஜன் நிரப்புவார்கள். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. உள்ளே ஆள் இருந்தால் மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் மயங்கி விழுவான், அதோடு சரி. அதனால் ஷாப்பில் இருக்கிற எல்லாரும் எங்கே என்று பார்த்துப் பிளானிங் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாயுவைத் திறக்கலாம். அந்தக் கையெழுத்து என்னுடையது.

ஷாப் மேனேஜரும் தனபாலும் பேப்பரோடு வந்தார்கள். டாங்கை வாங்குகிறவர்களின் ஆள் வந்து காத்துக்கொண்டிருந்தார். அந்த டாங்குக்குப் போட்டிருந்தவர்கள் எல்லாரும் வெளியே. ஒருவன் சாப்பாட்டுக்கு, ஒருவன் வேறு வேலைக்கு, ஏழுமலை என்கிறவன் சீக்கிரமே கேட்டைத் தாண்டி வீட்டுக்கு. டாங்க் வாயில் டார்ச் அடித்துக் கூப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள், பதில் இல்லை. மற்ற வேலைக்காரர்களும் அவரவர் இடத்தில். பேப்பரில் ஒரு பிழை கிடையாது. நேரம் மிச்சமாகட்டும் என்று மூடியை வைத்து போல்ட்டும் முடுக்கிவிட்டார்களாம். வாயுவைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

பேனாவைத் திறந்துவிட்டேன். மேனேஜருக்குப் பின்னால் சுவரில் பலகை. இத்தனை வருஷப் பழக்கம், கண் தானாக இடது பக்கம் மேலிருந்து கீழே இறங்கியது. முனிரத்தினத்தின் ஆணியில் நூல் இல்லை.

முனிரத்தினம் வெல்டர். கண் பரிசோதனைக்கு நாள் தள்ளிப்போய் அவன் சர்டிஃபிகேட் காலாவதியாகியிருந்தது. அது வரும்வரை அவனுக்கு எந்த வேலையும் கட்டக்கூடாது என்று உத்தரவு. எந்த ஜோடியிலும் அவன் இல்லை. அதனால் பேப்பரிலும் அவன் பேரே இல்லை. காலையில் கேட்டபோது டூல் ரூம் வாசலில் உட்கார்ந்திருக்கிறான் என்றார்கள்.

"முனிரத்தினம் எங்க கீறான்?" என்று தனபாலைக் கேட்டேன்.

"அவனுக்கு இன்னிக்கி வேலையே இல்லியே மேடம்."

"வேலை இல்லன்னு எனக்கும் தெரியும். ஆளு எங்க கீறான்?"

தனபால் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தான். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சம்பந்தமில்லாத ஆளுக்காக ஏன் நிறுத்த வேண்டும், பேப்பர் சரியாக இருக்கிறதே என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எனக்கும் அப்போது தயக்கம்தான், சும்மா கேன்டீனில் இருக்கப் போகிறவனுக்காக மேனேஜரைப் பகைத்துக்கொள்கிறோமே என்று. ஆனால் பென்சில் அந்த ஆணியிலேயே நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

"கொஞ்சம் உக்காருங்க சார். எல்லாரும் நின்னுகினு இருந்தா எனக்குக் கையெழுத்து வராது" என்றேன்.

பேனாவை மூடினேன். மேனேஜர் என்னையே பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

ஆள் விட்டுத் தேடச் சொன்னேன். ரமேஷ் தன் சீட்டிலிருந்து எழுந்து அவனே ஓடினான். டூல் ரூமில் இல்லை. கேன்டீனில் இல்லை. கக்கூஸ் கதவெல்லாம் தட்டிப் பார்த்தார்கள். முதலுதவி அறையில் இல்லை. கேட்டில் விசாரித்தால் அவன் வெளியே போகவே இல்லை என்றார்கள். கடைசியில் டூல் ரூம்காரர்தான் சொன்னார், காலையில் ஏழுமலை வந்து முனிரத்தினத்தோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தான், முகம் சரியில்லை என்று. ஏழுமலை ஏன் சீக்கிரம் போனான் என்று கேட்டேன். அவன் குடியிருக்கிற லைன் வீடுகளில் ஒரு சாவாம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் மாரிகுப்பத்துக்காரி இல்லாமல் வேறு யாராவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால் விளங்கியிருக்குமோ என்னவோ. எங்கள் லைன் வீடுகளில் ஒரு சாவு என்றால் போகாமல் இருக்க முடியாது. எடுப்பதற்குள் போயே ஆக வேண்டும். பாதியில் நிற்கும் வேலையைக் கூட இருக்கிறவன் வாங்கிக்கொள்வான். சுரங்கத்துக் காலத்திலிருந்து அப்படித்தான், அப்பாவும் செய்திருக்கிறார். அதை மேலே யாரிடமும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் போகிறவனுக்கு லீவு பிடிப்பார்கள். ஆளுக்கும் ஆளுக்கும் கோடு கிடையாது என்று காலேஜில் படித்தேன், பலகையிலும் அப்படித்தான் கட்டினோம். ஆனால் எங்கள் ஊரில் அந்தக் கோடு இருக்கிறது. அதற்குத்தான் எங்களிடம் நூல் இல்லை.

மூடியைத் திறக்கச் சொன்னேன். மேனேஜர் ஏன் என்று கேட்கவில்லை, எனக்கு முன்னால் அவர்தான் ஓடினார்.

போல்ட் ஒவ்வொன்றாகக் கழன்றது. அவ்வளவு நிதானமாக ஒரு போல்ட் கழன்று நான் பார்த்ததில்லை. பக்கத்து ஷெட்டில் இரும்பை வெட்டுகிற சத்தம் காதைக் கிழித்தது, அதை நிறுத்தச் சொல்லி யாரோ ஓடினார்கள். வாயு சிலிண்டர்கள் குழாய் மாட்டித் தயாராக நின்றன. மூடி விலகியதும் தனபால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே இறங்கினான். முதல் அறை, அடுத்தது, அதற்கடுத்தது என்று அவன் பூட்ஸ் தகட்டில் இடிக்கிற ஓசை தூரமாகப் போனது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த சாமி பேரெல்லாம் ஒரு சுற்று வந்துவிட்டது.

அதற்குப் பிறகு டாங்குக்குள்ளிருந்து தனபாலின் குரல் வந்தது. அவன் பேசியதை இங்கே எழுத முடியாது. முனிரத்தினத்தின் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். நான் கேட்ட வார்த்தைகளிலேயே அவ்வளவு இனிமையான வார்த்தைகள் வேறு கிடையாது. செத்தவனை யாரும் அப்படித் திட்ட மாட்டார்கள்.

முதலில் முனிரத்தினத்தின் தலை வந்தது. கன்னத்தில் வேஸ்ட் துணியின் மடிப்பு பதிந்திருந்தது. காதில் பஞ்சு. டாங்க் வாயைச் சுற்றி நிற்கிற கூட்டத்தைப் பார்த்தான், மேனேஜரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பஞ்சைப் பிடுங்கினான்.

"இன்னா மேடம், கரண்ட் வந்துச்சா?"

வெல்டிங் செய்யத்தானே தடை, பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய யார் கேட்கப் போகிறார்கள் என்று ஏழுமலையின் பாக்கி வேலையை வாங்கிக்கொண்டு கடைசி அறைக்குப் போயிருக்கிறான். முன் அறையிலிருந்து வந்த விளக்கு வெளிச்சம் திடீரென்று நின்றதும், வழக்கம்போலக் கரண்ட் போய்விட்டது, வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தன் டார்ச்சையும் அணைத்துவிட்டுத் துணியைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறான். நல்ல தூக்கம்.

அந்த எண்ணெய்த் தரையிலேயே புடவையோடு உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை, இரண்டும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மேனேஜர் கையில் இருந்த பேப்பரை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். முனிரத்தினத்துக்கு அப்போதும் புரியவில்லை. தூங்கியதற்காக மெமோ கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தனபால் அவனை இழுத்து அந்த சிலிண்டர்களைக் காட்டினான். பார்த்துக்கொண்டே நின்றவன் மெதுவாக வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

ரமேஷ் அன்று வீட்டுக்குப் போகவில்லை, புரோகிராமை அன்றே மாற்றினான். முதலில் எல்லாப் பேரும், அப்புறம்தான் ஜோடிகள். வேலை இல்லாத பேர் மேலே சிவப்பில் நிற்கும், அந்த ஆள் எங்கே என்று கேட்டு முடித்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். சாவுக்குப் போகிற விஷயத்துக்கும் மேனேஜரே வழி செய்தார். போகிறவன் பிளானிங்கில் சொல்லிவிட்டுத் தன் நூலைத் தானே கழற்றி, வேலையை வாங்கிக்கொள்கிறவன் ஆணியில் மாட்டிவிட்டுப் போகலாம், லீவு பிடிக்க மாட்டோம் என்றார். அதற்குப் பிறகு யாரும் ஒளித்ததில்லை.

அன்று சாயந்திரம் திருச்சிக்குப் போன் போட்டு வேதகிரி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாராட்டுவார் என்று காத்திருந்தேன், பொய் சொல்வானேன். அந்தப் பக்கம் கண்ணாடியைத் துடைக்கிறார் என்று நினைக்கிறேன்.

"அவருக்கு இன்னும் கண் பரிசோதனை பண்ணலையா?" என்றார்.

மறுநாளே முனிரத்தினத்தைக் கண் டாக்டரிடம் அனுப்பினேன்.

நான் ரிடையர் ஆன நாளில் மாலை போட்டார்கள், பேசினார்கள், சாப்பாடு போட்டார்கள். எல்லாம் முடிந்து பையை எடுக்க செக்‌ஷனுக்குப் போனால் முனிரத்தினம் பலகை முன்னால் சுத்தியலோடு நிற்கிறான். இடது பக்கம் கடைசியில் புதிதாக ஒரு ஆணி. பக்கத்தில் என் பேர். பிளானிங்காரர்களுக்கு அந்தப் பலகையில் எப்போதுமே ஆணி கிடையாது. நான் அடித்து வைத்திருக்கவும் இல்லை.

"இன்னாத்துக்குடா இது? எனக்கு இனிமே இங்க இன்னா வேலை?" என்றேன்.

"வேலை இல்லன்னு தெரியும் மேடம்" என்றான் முனிரத்தினம். "ஆளு எங்க கீறாங்கன்னு கேக்கறதுக்கு."

அந்த ஓரக்கண் சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிறகு ஈரம் ஊறிய சுவரை இடித்துக் கட்டியபோது பலகை போய்விட்டது. அதில் இருந்த பேர் எல்லாவற்றையும் ரமேஷ் ஒன்று விடாமல் சிஸ்டத்தில் ஏற்றிவிட்டான், என் பேரையும் சேர்த்து. அவன் இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டான். முனிரத்தினம் ரிடையர் ஆகி பேத்தமங்களாவில் மகளோடு இருக்கிறான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் பெங்களூரில். ராபர்ட்சன்பேட்டை வீட்டில் நான் ஒருத்திதான். நாள் முழுக்க அழைப்பு மணி அடிக்காத நாட்களும் உண்டு. ஆனால் காலையில் போன் வராத நாள் இல்லை. அந்த ஒரு கேள்வி எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

இவ்வளவையும் நிவேதா அமைதியாகக் கேட்டாள். நடுவில் ஒரே ஒருமுறை, டாங்குக்குள் இருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று முந்திக்கொண்டு கேட்டாள். கடைசியில், சீட் உன்னுடையது, அந்தப் பேரை வைப்பதும் எடுப்பதும் உன் இஷ்டம், நான் தப்பாக நினைக்க மாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேனே தவிர ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்குப் போன் அடிக்கவில்லை. பால் காய்ச்சினேன், இந்தத் தடவை பொங்கவில்லை. கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினேன். சரி, எடுத்துவிட்டாள், பாவம் சின்னப் பெண், அவளுக்கு என்ன தலையெழுத்து என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அடுத்த நிமிஷமே, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்தால் குறைந்தா போய்விடுவாள் என்று கோபம் வந்தது. போனை எடுத்து சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. காபி ஆறிப்போனது.

அப்போது அடித்தது.

"மேடம், சாரி மேடம், காலையிலருந்து இங்க கரண்டே இல்ல. சிஸ்டம் வரல. அதான் என் போன்லருந்து பண்றேன்" என்று மூச்சு வாங்கினாள் நிவேதா. "எங்க இருக்கீங்க மேடம்?"

"வீட்லதாம்மா கீறேன்" என்றேன். "கரண்ட் வந்துச்சா?"

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் ஆறிப்போன காபியைச் சூடு பண்ணக்கூடத் தோன்றாமல் அப்படியே குடித்தேன்.